டேஷ்போர்டுக்கு அத்தை தைத்த கவுன்

என் மாமியாருக்கு எந்தப் பொருளும் உடுத்தாமல் இருக்கக் கூடாது.

மிக்சிக்கு உறை, கிரைண்டருக்கு உறை, இதெல்லாம் எல்லார் வீட்டிலும் உண்டு. அத்தை வீட்டில் கேஸ் சிலிண்டர் பாவாடை கட்டியிருக்கும். தண்ணீர்க் குடத்துக்குத் தொப்பி இருக்கும். டிவிக்குச் சுருக்கு வைத்த திரை. செய்தி வாசிக்கிறவரைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் அவருடைய பாவாடையைத் தூக்க வேண்டும் என்று என் மனைவியே கேலி செய்வாள். பிரிட்ஜ் கைப்பிடிக்குச் சட்டையின் கையை மட்டும் தைத்து மாட்டியிருந்தார். ரிமோட்டுக்கு ஒரு பை, அந்தப் பை அழுக்காகாமல் இருக்க அதன் மேல் இன்னொரு பை. கல்யாணமான புதிதில் அங்கே தங்கிய முதல் காலை, குளித்துவிட்டு வந்து என் செல்போனைத் தேடினேன். கட்டிலில் ரோஜாப்பூ போட்ட சுருக்குப்பை ஒன்று மணியடித்துக்கொண்டிருந்தது.

புதியம்புத்தூரில் ரெடிமேட் தைக்கிற வீடுகளில் வெட்டுத்துணிக்குப் பஞ்சமில்லை. அத்தை வீட்டின் முன்பாதி பட்டறை. ஏழெட்டு மிஷின் ஓடும். எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கான கவுன். சாட்டின், நெட்டு, பாசிமணி, ஜரிகை லேஸ் என்று வீடு முழுக்க மினுங்கும். மாமா இறந்த பிறகு ஒற்றை மிஷினை வைத்துத் தொடங்கிய தொழில் அது. மிஞ்சுகிற துணியைக் குப்பையில் போட அவருக்கு மனம் வராது. கண்ணில் படுகிற பொருளுக்கு உடுத்திவிடுவார்.

"கரிசக்காட்டுத் தூசி இருக்கே மாப்ள, அது கேக்காம வந்து உக்காரும். உக்காந்தா எந்திரிக்காது" என்பார்.

இதை அவர் முதல் தடவை சொன்னபோது நான் அந்த வீட்டுக்கு வந்து நாலாம் நாள். என்னைச் சொல்லவில்லை என்று என் மனைவி அடித்துச் சொன்னாள். இருந்தாலும் அன்று மத்தியானமே என் ஊரான கோவில்பட்டிக்குக் கிளம்பிவிட்டேன்.

கிளம்பும்போது பார்த்தால் என் ஸ்கூட்டர் சீட்டுக்குச் சிவப்பு சாட்டினில் உறை, சுற்றிலும் சுருக்கு. அத்தை வாசலில் நின்று முகம் மலரப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரொம்ப நல்லா இருக்கு அத்தை" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். அந்தத் துணி வழுக்குகிற வழுக்கலில் ஒவ்வொரு பிரேக்குக்கும் ஹேண்டில்பாரை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தேன். பஜாரில் என் லைட் கடைக்கு எதிரே பாத்திரக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "வண்டிக்கு எப்பம் வளைகாப்பு?" என்று கேட்டார்.

வழியிலேயே அதைக் கழற்றியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். மாப்பிள்ளை என்கிற பதவியில் இருந்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் புரியும். அத்தை வகையில் இன்னொரு மருமகன், கல்யாணப் பந்தியில் அப்பளம் நமுத்துப்போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொல்லப்போய், இரண்டு குடும்பமும் ஒரு வருஷம் பேசாமல் இருந்து, பெரியவர்கள் கார் வைத்துப் போய்ச் சமாதானம் செய்தார்கள். அதற்குப் பிறகு வந்த மருமகன் நான். "எங்க மாப்ள தங்கம். ஒரு குறை சொல்ல மாட்டாவ" என்று அத்தை ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பட்டம் அது. பத்தாம் வகுப்பில்கூட எனக்கு ஆறுதல் பரிசுதான். தங்கம் என்ற பெயரை ஒரு சீட்டு உறைக்காக இழக்க நான் தயாராக இல்லை. உண்மையைச் சொன்னால் அது தங்கமும் இல்லை, பித்தளையும் இல்லை. பயம்.

அத்தையோ நேர்மாறு. பொருளை மூடுவாரே தவிர, பேச்சை மூடத் தெரியாது. பட்டறையில் ஒரு பெண் பட்டனைக் கோணலாகத் தைத்தால், "ஏட்டி, இதப் போட்டா பிள்ளை நண்டு மாதிரி நடக்கும், பிரி" என்று முகத்துக்கு நேரே சொல்வார். அந்தப் பெண் பிரித்துத் தைப்பாள். பத்து நிமிஷத்தில் இரண்டு பேரும் ஒரே சம்படத்திலிருந்து சேவு தின்பார்கள். இது எப்படி நடக்கிறது என்று எனக்குப் பல நாள் ஆச்சரியமாக இருந்தது.

அப்புறம் கார் வந்தது. மதுரையில் ஒருவர் ஓட்டி அலுத்த வண்டி. எனக்குப் பிடித்ததே அதன் அகன்ற முன்கண்ணாடியும், மேடை போன்ற டேஷ்போர்டும்தான். டேஷ்போர்டு சந்தன நிறம். அதை வாட்டர் சர்வீஸ்காரர் ஏதோ எண்ணெய் போட்டு முகம் பார்க்கிற அளவுக்குத் துடைத்துக் கொடுத்தார். அவருக்கு வாயார நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை, ஓட்டப்பிடாரம் வழியாகப் புதியம்புத்தூர் போகிற சாலையில் ஒரு வசதி. காலையில் போனால் சூரியன் எதிரே. சாயங்காலம் திரும்பினாலும் சூரியன் எதிரே. வெயில் டேஷ்போர்டில் விழும், டேஷ்போர்டு முன்கண்ணாடியில் விழும். சாலைக்கு மேல் சந்தன நிறத்தில் இன்னொரு சாலை தெரியும். இரண்டு பக்கமும் வெள்ளாமை எடுத்து முடித்த கரிசல் காடு கன்னங்கரேலென்று கிடப்பதால் அந்தப் பொய்ச் சாலை இன்னும் பளிச்சென்று தெரியும். பல்பு விற்றுப் பிழைக்கிறவன் நான். வெளிச்சம் என்னை இப்படிப் பழிவாங்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

கூலிங் கிளாஸ் வாங்கினேன். கண்ணாடியை உள்ளும் வெளியும் துடைத்தேன். செல்போனில் வீடியோக்கள் பார்த்தேன். எல்லாரும் ஒன்றைத்தான் சொன்னார்கள்: டேஷ்போர்டு மேல் பளபளப்பில்லாத, கருத்த, சொரசொரப்பான துணி ஒன்றை விரி. அவ்வளவுதான். துணி என்றதும் எனக்கு அத்தை நினைவு வந்தது. அங்கேதான் நான் கெட்டேன்.

போனில், "அத்தை, கார் டேஷ்போர்டு மேல போட ஒரு துணி வேணும்" என்றேன்.

"அதுக்கென்ன மாப்ள, தச்சிருவோம். என்ன கலரு?"

கறுப்பு என்று சொல்ல வாய் வந்தது. புது வண்டிக்குக் கறுப்பா என்று அத்தை கேட்டால் என்ன பதில் சொல்வது என்று ஒரு நொடி யோசித்தேன். யோசித்து, "உங்க இஷ்டம் அத்தை" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே சாப்பிட்டுவிட்டுத் தூங்கி எழுவதற்குள் செய்தித்தாளை வைத்து அளவெடுத்து, வெட்டி, தைத்து, மாட்டியும் விட்டார். தீபாவளி ஆர்டரில் மிஞ்சிய வெள்ளை சாட்டின். ஓரமெல்லாம் ஜரிகை லேஸ். நடுவில் நெட்டுத் துணியில் ரோஜாப்பூ. ஏசி காற்று வருகிற இடங்களில் துளை விட்டு, அந்தத் துளைகளைச் சுற்றியும் சுருக்கு. என் டேஷ்போர்டு பிறந்தநாள் கொண்டாடத் தயாராக நின்றது.

"எப்படி மாப்ள?"

"ரொம்ப நல்லா இருக்கு அத்தை."

முன்பு சாலை மேல் ஒரு சந்தன நிழல்தான் தெரிந்தது. இப்போது ஜரிகை லேஸ் வானத்தில் தொங்கியது. எதிரே வருகிற பஸ்ஸின் நெற்றியில் ரோஜாப்பூ. நான் ஒரு தந்திரம் செய்தேன். ஓட்டப்பிடாரம் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டி, உறையைக் கழற்றி டிக்கியில் போடுவேன். திரும்பி வரும்போது அதே இடத்தில் நிறுத்தி மாட்டுவேன். அங்கே காட்டில் காய்ந்த பருத்திமார் பிடுங்கிக்கொண்டிருந்த ஒருவர் இரண்டு மூன்று வாரம் இதைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது என்ன வேண்டுதலா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இதெல்லாம் விளையாட்டாக இருந்தவரை இருந்தது. என் மனைவி உண்டானாள். முதல் கரு தங்காமல் போயிருந்ததால், இந்தத் தடவை டாக்டரம்மா கண்டிப்பாகப் படுத்தே இருக்கச் சொல்லிவிட்டார். பகலெல்லாம் நான் கடையில் இருப்பதால் அவளைப் புதியம்புத்தூரில் விட்டோம். ஆனால் அந்தக் கோவில்பட்டி டாக்டரம்மாவை விட மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தாள். அதனால் சொன்ன தேதிக்குச் சாயங்கால நேரம் பார்த்து அவளைக் காரில் கூட்டிவர வேண்டும். அவள் பின்சீட்டில் சாய்ந்திருப்பாள். பின்னால் உட்கார்ந்தால் தலை சுற்றும் என்று அத்தை முன்சீட்டில், பக்கத்து ஜன்னலை இறக்கி வெளியே பார்த்துக்கொண்டே வருவார். அத்தை முன்சீட்டில் என்றால் உறையைக் கழற்ற முடியாது.

முதல் தடவையே அது நடந்தது. பசுவந்தனைக்கு முன்னால், கரிசல் காட்டிலிருந்து ஒரு கிடை வெள்ளாடு சாலையேறியது. எல்லாம் கறுத்த ஆடு. எனக்கு லேஸ் தெரிந்தது, ரோஜா தெரிந்தது, ஆடு தெரியவில்லை. அத்தை கத்திய கத்தலில் பிரேக்கை மிதித்தேன். முன்னால் நின்ற கிடாயின் கொம்பு பம்பரில் உரசி நின்றது. பின்சீட்டில் என் மனைவி வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் என் சீட்டைத் தள்ளிப் பிடித்திருந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

ஆட்டுக்காரி வந்து ஜன்னலில் குனிந்தாள். "கண்ணத் தொறந்துகிட்டுத்தான் ஓட்டுதியளா?"

"எங்க மாப்ளையவா கேக்க?" என்று அத்தை இறங்கிச் சண்டைக்குப் போய்விட்டார். எனக்காக அப்படி ஒரு சண்டை என் தாயார்கூடப் போட்டதில்லை. கோவில்பட்டி வரை வண்டியை உருட்டிக்கொண்டே போனேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு ஒன்றும் பழுதில்லை என்றார். அத்தை அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினார். "மாப்ள, உங்களுக்குக் கண்ணுல என்னமோ இருக்கு."

அப்போதாவது சொன்னேனா? இல்லை. மறுநாளே கண் டாக்டரிடம் கூட்டிப்போனார். உள்ளே அந்த டாக்டர், கழுகுக் கண் என்று என்னைப் பாராட்டினார். வெளியே பெஞ்சில் அத்தை காத்திருந்தார். கண் நன்றாக இருக்கிறது என்றால் ஆடு ஏன் தெரியவில்லை என்று கேட்பார். "லேசா பவர் இருக்காம் அத்தை" என்றேன். அத்தை கூடவே வந்து பிரேம் தேர்ந்தெடுத்தார். கடைக்காரரிடம் ரகசியமாக வெறும் கண்ணாடி போடச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. அந்த மூக்குக்கண்ணாடிக்கும் அத்தை அன்றே உறை தைத்துவிட்டார் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கினேன். அத்தைக்குத் தூக்கம் போய்விட்டது. கண் சரியில்லாதவர் கையில் மகளும் பேரப்பிள்ளையும். அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. பட்டறை திறப்பதற்கு முன்னால் விடிகாலையில் டிரைவிங் ஸ்கூல் வண்டி வாசலுக்கு வர ஆரம்பித்தது. அந்த வயதில், சைக்கிள்கூட ஓட்டியறியாத மனுஷி. சொல்லிக்கொடுத்தவர் என்னிடம் ஒருநாள், "அவிய கிளட்ச மிதிக்கிறது தையல் மிஷின மிதிக்கிற மாதிரியே இருக்கு, ஆனா பயம்னா என்னன்னே தெரியல" என்றார். லைசென்ஸ் வந்த அன்று எனக்குக் காட்டினார். அதற்கும் உறை.

பேறுகாலம் நெருங்கியிருந்த ஒருநாள் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு அங்கே போயிருந்தேன். மூன்றரை மணி வாக்கில் என் மனைவிக்கு வலி கண்டது. நான் சாவியை எடுத்தேன். அத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நான் ஓட்டுதேன். நீங்க இந்தப் பக்கம் உக்காருங்க."

"ஆம்புலன்ஸக் கூப்பிடலாமே அத்தை."

"அது வந்து சேருததுக்குள்ள நாம பசுவந்தனை தாண்டிருவோம். ஏறுங்க மாப்ள. வருத்தப்படாதிய, இன்னைக்கு உங்க கண்ண நம்பி என் மவள அனுப்ப மாட்டேன்."

நான் ஏறி உட்கார்ந்தேன். ஓட்டப்பிடாரம் வரை நன்றாகத்தான் ஓட்டினார். அதற்கப்புறம் சாலை மேற்கே திரும்பியது. வெயில் நேராக வந்து வெள்ளை சாட்டினில் விழுந்தது. அத்தை வேகத்தைக் குறைத்தார். குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார். ஒரு கையால் கண்ணைக் கசக்கினார். எதிரே ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது. லாரி ஒன்று எங்களை உரசுகிற மாதிரிப் போனது. அத்தை வண்டியை ஓரத்தில் இறக்கி நிறுத்திவிட்டார். இறங்கிப்போய் முந்தானையால் முன்கண்ணாடியைத் துடைத்தார். திரும்ப வந்து உட்கார்ந்தார். அப்படியே ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி இருந்தார்.

"மாப்ள, எனக்கும் தெரியல." குரல் உடைந்துவிட்டது. "ரோடே தெரியல மாப்ள. எனக்கும் கண்ணு போச்சு போல. இப்பம் யாரு ஓட்டுவா?"

பின்னால் என் மனைவி முனகினாள். அத்தை எதற்கும் அழுது நான் பார்த்ததில்லை. தங்கமாவது தகரமாவது.

"உங்களுக்குக் கண்ணு போகல அத்தை. இந்தத் துணிதான்."

"எந்தத் துணி?"

நான் உறையின் மேல் என் கையை விரித்து வைத்தேன். முன்கண்ணாடியில் கையளவுக்குத் தெளிந்து, அந்த இடத்தில் மட்டும் சாலை தெரிந்தது. கையை எடுத்தேன், மறைந்தது. திரும்ப வைத்தேன். அத்தை கண்ணாடியைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், என் மூக்குக்கண்ணாடியைப் பார்த்தார். இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பு. லேஸும் ரோஜாவும் கிழிந்து வந்தன. ஜன்னல் வழியாகக் கரிசலில் எறிந்தார்.

சந்தன நிறம் இன்னும் கொஞ்சம் மினுங்கியது. நான் போட்டிருந்தது கருநீலச் சட்டை. கழற்றி டேஷ்போர்டில் விரித்தேன். சாலை, பனைமரம், தூரத்தில் வருகிற மினி பஸ், எல்லாம் கழுவி வைத்த மாதிரித் தெரிந்தன.

"இப்பவாவது வாயத் தொறந்தியளே" என்று பின்சீட்டிலிருந்து என் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அவளுக்கும் எல்லாம் தெரியும். நானே சொல்லட்டும் என்று அவளும் அம்மாவிடம் சொல்லவில்லை. அத்தை பின்னால் திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தார். வண்டியைக் கிளப்பி, கோவில்பட்டி வரை நிற்காமல் ஓட்டினார்.

பொழுது சாயும் நேரத்தில் மகள் பிறந்தாள். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் பனியனோடு நின்றேன். நர்ஸ் வந்து, "பிள்ளைக்கு அப்பா எங்க?" என்று என்னிடமே கேட்டுவிட்டுப் போனார். அத்தை பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார்.

"மாப்ள, ஒண்ணு கேக்கேன். நான் என்ன அவ்வளவு பெரிய பேயா?"

"ஐயோ அத்தை."

"துணி நல்லால்லன்னு சொன்னா என்ன செஞ்சிருவேன்? ரெண்டு நாளு மொகத்தத் தூக்கி வச்சிருப்பேன். பெறவு நானே காப்பி போட்டுக் குடுப்பேன். என் மனசு நோகக் கூடாதுன்னு என் மவளையும் வயித்துப் பிள்ளையையும் ஏத்திகிட்டு, கண்ணக் கட்டிகிட்டு ஓட்டியிருக்கிய."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இப்பமும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிய, பாருங்க" என்றுவிட்டு உள்ளே போய்விட்டார்.

பேர் வைக்கிற நாளில் புதியம்புத்தூர் போனேன். வீட்டுக்குள் நுழைந்து பார்த்தேன். மிக்சி வெறுமனே இருந்தது. சிலிண்டர் துருப்பிடித்த உடம்போடு நின்றது. டிவி, பிரிட்ஜ், குடம், ஒன்றின் மேலும் ஒரு நூல் இல்லை. பட்டறைப் பெண் ஒருத்தி என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டாவ அண்ணாச்சி. தைக்கிற ஒவ்வொரு கவுனையும் எங்ககிட்ட காட்டி, 'உள்ளதச் சொல்லுங்கட்டி, நல்லாருக்கா'ன்னு கேக்காவ. நல்லாருக்குன்னா நம்ப மாட்டேங்காவ."

அத்தையை இப்படி ஆக்கியது நான்தான் என்று நினைக்க எனக்குத் தாங்கவில்லை. கூடம் நிறைய உறவுக்காரர்கள். அத்தை உள்ளேயிருந்து பிள்ளைக்குத் தைத்த மஞ்சள் கவுனை எடுத்து வந்தார். எல்லாருக்கும் நடுவில், யாரிடமும் காட்டாமல், நேரே என்னிடம் நீட்டினார்.

"எப்படி மாப்ள?"

அப்பளத்தில் குறை சொன்ன மருமகன்கூட மூலையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கவுன் அழகாகத்தான் இருந்தது. நாக்கு நுனிக்கு வழக்கமான வார்த்தை வந்துவிட்டது. அத்தையின் கண்ணைப் பார்த்தேன். அவர் அந்த வார்த்தைக்குப் பயந்துகொண்டு நின்றார். நான் கவுனைத் திருப்பி, உள்பக்கம் பார்த்து, கைத்துளைக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்தேன்.

"கக்கத்துல இறுக்கும் அத்தை. பிள்ளை அழும்."

என் மனைவியின் பெரியப்பா தொண்டையைச் செருமினார். அத்தை என் கையிலிருந்து கவுனைப் பிடுங்கினார். தானும் விரலை விட்டுப் பார்த்தார். "ஆமா, இறுக்கத்தான் செய்யும்" என்றார். நேராகப் பட்டறைக்குப் போய், தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தார். மிஷின் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. திரும்பி வந்து கவுனைப் பிள்ளைக்குப் போட்டு, தூக்கி என் முன்னால் பிடித்தார்.

"இப்பம்?"

"இப்பம் நல்லா இருக்கு அத்தை."

அத்தை நம்பினார்.